காத்துக் கிடக்கும் பொதிகள்

இன்றைய சுவிட்சர்லாந்தின் ஊரி மாநிலத்தில், செங்குத்தான கருங்கற் பாறைகளைப் பிளந்துகொண்டு ரோய்ஸ் நதி பேரிரைச்சலோடு இறங்குகின்ற ஷொல்லெனென் பள்ளத்தாக்கில், பதின்மூன்றாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பாலம் கட்டப்பட்டு, கோத்தார்டு கணவாயின் வழியாக இத்தாலிக்கும் வட ஐரோப்பாவுக்கும் இடையே வாணிபப் பாதை ஒன்று திறந்தது. அந்தப் பாதையில் பொதி சுமந்தவை கோவேறு கழுதைகளும் குதிரைகளும்; அவற்றை ஓட்டிச் சென்றவர்கள் மலைக்கிராமங்களைச் சேர்ந்த சுமைகாரர்கள். ஒவ்வொரு பள்ளத்தாக்கின் சுமைகாரர்களும் ஒரு சங்கமாகக் கூடி, தங்கள் எல்லைக்குள் பொதி சுமக்கும் உரிமை தங்களுக்கே உரியது என்று நிலைநாட்டிக்கொண்டார்கள். ஆகவே மிலான் நகரத்து வியாபாரியின் சரக்கு ஓர் எல்லை முடிந்ததும் விலங்குகளின் முதுகிலிருந்து இறக்கப்பட்டு, 'சூஸ்ட்' என்று வழங்கிய கிட்டங்கியில் வைக்கப்பட்டு, அடுத்த பள்ளத்தாக்குக்காரர்களின் முறை வரும்வரை காத்துக் கிடந்தது. சரக்கை இறக்காமலும் ஏற்றாமலும் நேராகக் கொண்டுபோக விரும்பியவன், 'ஃபியூர்லைட்டே' என்ற பெயரில் தனிக் கட்டணம் ஒன்றைச் செலுத்த வேண்டியிருந்தது.

இந்தப் பழைய ஏற்பாட்டை இங்கே நினைவுகூர்வதற்குக் காரணம் உண்டு. இணையத்தின் வழியாகச் செல்லும் செய்தி எதுவானாலும் அது சிறு சிறு துண்டுகளாகப் பகுக்கப்பட்டு, ஒவ்வொரு துண்டின் தலையிலும் அனுப்புபவர் முகவரியும் பெறுபவர் முகவரியும் எழுதப்பட்டு, பல நிறுவனங்களின் பாதைகளைக் கடந்தே போய்ச் சேர்கிறது. அந்தத் துண்டுக்குத் தமிழில் 'பொதி' என்றே பெயரிட்டிருக்கிறோம். பெயர் மட்டுமன்று, அதைச் சுற்றி எழுகின்ற வழக்கும் பழையதே. எவருடைய பொதி முன்னே போகவேண்டும், எவருடையது நிற்கவேண்டும், நிற்காமல் போவதற்குக் கட்டணம் உண்டா, அதை விதிக்கும் அதிகாரம் பாதைக்கு உரியவனுக்கு இருக்கலாமா என்ற கேள்விகளுக்கு, மலைப்பாதைகளையே ஜீவாதாரமாகக் கொண்டிருந்த ஒரு தேசம் கண்ணாடி இழையின் காலத்தில் எவ்வாறு விடை கூறியிருக்கிறது என்பதைச் சற்று விஸ்தாரமாகப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பழைய கேள்விக்கு அந்த நாடு ஒருமுறை தீர்மானமான பதில் சொல்லியிருக்கிறது. மாநிலத்துக்கு மாநிலம், பாலத்துக்குப் பாலம், நகரவாயிலுக்கு நகரவாயில் என நூற்றுக்கணக்கான சுங்கங்கள் வியாபாரத்தின் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்த நிலையில், 1848ஆம் ஆண்டின் கூட்டரசு அரசியலமைப்புச் சட்டம் சுங்க அதிகாரத்தைக் கூட்டரசின் கைக்கு மாற்றி, உள்நாட்டுச் சுங்கங்கள் ஒழிவதற்கு வழி செய்தது. வருமானத்தை இழந்த மாநிலங்களுக்கு நஷ்டஈடும் கொடுக்கப்பட்டது. நம்முடைய சரித்திரத்தில் முதலாம் குலோத்துங்கன் 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்ற விருதினால் போற்றப்பட்டதை இத்தருணத்தில் எண்ணிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. எத்தனையோ போர்களில் வென்ற ஓர் அரசனை, வழிப்போக்கனின் பொதியைத் தடுத்து நிறுத்திய கையை விலக்கியதற்காக மக்கள் நினைவில் வைத்திருந்தார்கள் என்றால், பாதையில் நிற்கவைக்கப்படுவதன் துன்பத்தை அவர்கள் எவ்வளவு ஆழமாக அனுபவித்திருக்க வேண்டும்!

இணையப் பாதையில் பொதி எவ்வாறு தாமதப்படுகிறது என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்வது அவசியம். தாமதம் எல்லாமே அநியாயம் என்று கருதிவிட்டால் விஷயம் குழம்பிப்போகும். பாதைகள் சந்திக்கும் இடங்களில் ரவுட்டர் எனப்படும் கருவிகள் இருக்கின்றன. வந்து சேரும் பொதிகள் வெளியேறும் பாதையின் கொள்ளளவுக்கு மேற்பட்டால் அவை வரிசையில் நிற்கின்றன. வரிசைக்கும் இடமில்லையானால் பொதி கைவிடப்படுகிறது. பொதி போய்ச் சேரவில்லை என்பதை உணர்கின்ற அனுப்புநரின் கணினி, தானாகவே தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டு, பிறகு மெல்ல மெல்ல ஏற்றிப் பார்க்கிறது. இந்த நற்பழக்கம் இணையத்துக்கு ஆதியில் இருந்ததன்று. 1986ஆம் ஆண்டு அக்டோபரில், கலிபோர்னியாவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்துக்கும் அதன் பக்கத்திலேயே இருந்த பல்கலைக்கழகத்துக்கும் இடையே விநாடிக்கு 32,000 பிட் வேகத்தில் ஓடிக்கொண்டிருந்த இணைப்பு, எல்லாரும் ஒரே சமயத்தில் முண்டியடித்ததால் விநாடிக்கு 40 பிட் என்ற அளவுக்கு வீழ்ந்துவிட்டது. வான் ஜேக்கப்சன் என்ற அறிஞர் அந்த வீழ்ச்சியை ஆராய்ந்து, நெரிசலைக் கண்டால் ஒவ்வொருவரும் தாமே பின்வாங்கும் முறையை வகுத்துக் கொடுத்தார். அவ்வாறு பின்வாங்குவது அநியாயம் அன்று. நடுவிலே நிற்கும் ஒருவன் பொதியைப் பிரித்துப் பார்த்து, 'இது இன்ன ஜாதிப் பொதி, இது நிற்கட்டும்' என்று தீர்மானிக்கும்போதுதான் வழக்குத் தொடங்குகிறது.

அப்படிப் பிரித்துப் பார்ப்பதற்கான யந்திரங்கள் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் மலிவாகக் கிடைக்கலாயின. அவை பொதியின் தலைப்பை மட்டுமன்றி உள்ளடக்கத்தையும் நோக்கி, இது திரைப்படம், இது கோப்புப் பரிமாற்றம், இது தொலைபேசிப் பேச்சு என்று இனம் பிரிக்கவல்லவை. அமெரிக்காவில் காம்காஸ்ட் என்ற கேபிள் நிறுவனம் ஒருபடி மேலே போய், கோப்புகளைப் பகிர்ந்துகொள்ளும் இரு கணினிகளின் நடுவே புகுந்து, ஒருவர் மற்றவரிடம் 'சம்பாஷணை முடிந்தது' என்று சொல்வதைப்போன்ற பொய்ப் பொதியை இருபுறமும் அனுப்பி இணைப்பைத் துண்டித்தது. பழங்காலப் பாட்டுக் குழுக்களின் இசைத்தட்டுகளைப் பிறருடன் பகிர முயன்ற ராப் டோபோல்ஸ்கி என்ற பொறியாளர் 2007ஆம் ஆண்டில் இதைக் கண்டுபிடித்தார். பிறகு அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் விவிலியத்தின் பழைய ஆங்கில மொழிபெயர்ப்பையே அனுப்பிச் சோதித்து, அந்தப் பொதியும் மறிக்கப்படுவதை உலகறியச் செய்தது. ஒருவர் சொல்லாத வார்த்தையை அவர் வாயில் திணிக்கும் செயல் அது என்பதால், வேகக்குறைப்பு என்ற சாந்தமான பெயரை அதற்குச் சூட்டுவது எனக்கு உடன்பாடில்லை. 2011இல் நெதர்லாந்தின் கேபிஎன் நிறுவனம், தன் வாடிக்கையாளர்களுள் எத்தனை பேர் வாட்ஸ்அப் பயன்படுத்துகிறார்கள் என்பதைப் பொதிகளை ஆராயும் அதே வகை யந்திரத்தால் கணக்கிட்டதாக முதலீட்டாளர்களிடம் கூறிற்று. தபால்காரர் உறையைப் பிரித்துப் பார்த்ததற்கு ஒப்பாக அதைக் கருதிய டச்சு மக்கள் கொதித்தெழுந்தனர். எல்லாப் பொதிகளையும் ஒன்றுபோல நடத்தவேண்டும் என்று விதிக்கும் ஐரோப்பாவின் முதல் இணையச் சமத்துவச் சட்டம் 2012இல் அங்கே நிறைவேறியது.

சுவிட்சர்லாந்தில் விவகாரம் இவ்வளவு உரத்த குரலில் தொடங்கவில்லை. அங்கே அஞ்சலும் தந்தியும் தொலைபேசியும் நெடுங்காலம் ஒரே அரசுத் துறையாக இருந்தன. 1997 ஏப்ரல் 30ஆம் தேதியிட்ட தொலைத்தொடர்புச் சட்டம் 1998 ஜனவரி முதல் நாளில் அமலுக்கு வந்தபோது சந்தை திறக்கப்பட்டு, தொலைபேசிப் பகுதி சுவிஸ்காம் என்ற பங்கு நிறுவனமாயிற்று. (அதே ஏப்ரல் 30ஆம் தேதியில், நான்கு ஆண்டுகளுக்கு முன்பு, ஜெனீவாவின் ஓரத்திலுள்ள செர்ன் ஆராய்ச்சி நிலையம் உலகளாவிய வலையின் மென்பொருளை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று பொதுச் சொத்தாக அறிவித்திருந்தது.) சுவிஸ்காமின் பெரும்பான்மைப் பங்குகள் இன்றளவும் கூட்டரசிடமே இருக்கின்றன. பாதையின் பெரும்பங்கு உரிமையாளரும், பாதையில் எல்லாரும் நியாயமாக நடக்கிறார்களா என்று மேற்பார்க்கவேண்டியவரும் ஒரே அரசாக இருப்பது வெளியிலிருந்து நோக்குபவருக்குச் சங்கடமான நிலைமையாகவே தோன்றும்.

ஒரு விஷயத்தில் அந்த அரசு உலகத்துக்கே முன்னோடியாக நடந்துகொண்டது என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். குடிநீரையும் அஞ்சலையும்போல அகலவழி இணையமும் ஒவ்வொரு பிரஜைக்கும், அவன் எந்த மலைச்சரிவில் வசித்தாலும், கிடைத்தே தீரவேண்டிய அடிப்படைச் சேவை என்று 2008ஆம் ஆண்டிலேயே சுவிட்சர்லாந்து விதித்தது. தொடக்கத்தில் நிர்ணயித்த வேகம் விநாடிக்கு 600 கிலோபிட். 2020இல் அது 10 மெகாபிட் ஆகி, 2024 முதல் 80 மெகாபிட் வேக இணைப்பும் அடிப்படைச் சேவையில் சேர்ந்தது. குறைந்தபட்ச வேகம் ஓர் உரிமை என்ற கொள்கை நிலைபெற்ற நாட்டில், சிலவகைப் பொதிகளின் வேகத்தை நிறுவனம் தன்னிஷ்டப்படி குறைக்கலாமா என்ற கேள்வி எழாமல் இருக்க முடியுமா?

அது எழுந்தது, ஆனால் வேறொரு வடிவத்தில். 2012ஆம் ஆண்டில் சுவிஸ்காம் தன் கைப்பேசிச் சந்தாக்களை மாற்றியமைத்து, எவ்வளவு பேசினாலும் எவ்வளவு தரவு பயன்படுத்தினாலும் தனிக் கணக்கில்லை, கட்டணம் வேகத்துக்கு மட்டுமே என்ற முறையைக் கொண்டுவந்தது. மாதம் 59 பிராங்கு கொடுப்பவருக்கு விநாடிக்கு 0.2 மெகாபிட்; 169 பிராங்கு கொடுப்பவருக்கு 100 மெகாபிட். ஏழைக்கு மெதுவான பாதை, பணக்காரனுக்கு விரைவான பாதை என்று இதைக் கண்டிப்பவர்கள் உண்டு. நான் அவ்வளவு கடுமையாகச் சொல்லமாட்டேன். வேகக்குறைப்பு அதில் இருந்தது மெய். ஆனால் அது சந்தாதாரருக்கு முன்கூட்டியே சொல்லப்பட்டது, அவருடைய எல்லாப் பொதிகளுக்கும் ஒன்றுபோலப் பொருந்தியது, பொதியின் உள்ளடக்கத்தை எவரும் நோக்கவில்லை. குறிப்பிட்ட ஓர் இசைச் சேவையையோ செய்திச் செயலியையோ பயன்படுத்தினால் தரவுக் கணக்கில் சேர்க்கமாட்டோம் என்று சில கைப்பேசித் திட்டங்கள் சலுகை காட்டின அல்லவா, அவையே எனக்கு அதிகமாகக் கவலை தருபவை. சலுகை பெற்றவருக்கு இனாமாகத் தோன்றுகின்ற ஏற்பாடு, சலுகை பெறாத சிறிய சேவையின் வாசலில் வைத்த சுங்கமாகவே வேலை செய்கிறது.

அந்த ஆண்டிலேயே பசுமைக் கட்சியைச் சேர்ந்த பால்தாசர் கிளாட்லி, இணையச் சமத்துவத்தைச் சட்டத்தில் பொறிக்க வேண்டும் என்று நாடாளுமன்றத்தின் ஓர் அவையான தேசிய மன்றத்தில் ஒரு பிரேரணையைக் கொண்டுவந்தார். தேசிய மன்றம் 2014இல் அதை ஏற்றது. மற்றோர் அவையான மாநிலங்கள் மன்றம் 2015இல் நிராகரித்தது. நடுவே, 2014 நவம்பரில், சுவிஸ்காமும் சன்ரைஸும் ஆரஞ்சும் யூபிசி கேபிள்காமும் கேபிள் நிறுவனங்களின் சங்கமும் சேர்ந்து ஒரு நடத்தை விதித்தொகுப்பில் கையெழுத்திட்டன. எந்தச் சேவையையும் தடுக்கமாட்டோம், கருத்துச் சுதந்திரத்துக்குக் குறுக்கே நிற்கமாட்டோம் என்ற உறுதிமொழி அதில் இருந்தது. வலையமைப்பை நிர்வகிக்கும் உரிமையைத் தங்கள் கையில் வைத்துக்கொள்ளும் வாசகமும் இருந்தது. சுமைகாரர்கள் தாமே கூடித் தமக்கு எழுதிக்கொண்ட ஒழுங்கு அது. அதை முழு மோசம் என்று நான் தள்ளமாட்டேன். ஆனால் மீறினால் தண்டனை இல்லாத விதி, நல்லவனுக்கு அநாவசியம், மற்றவனுக்குப் பிரயோஜனமற்றது.

பிறகு சட்டம் வந்த விதம் கவனிக்கத்தக்கது. தொலைத்தொடர்புச் சட்டத்தைத் திருத்துவதற்கு அரசாங்கமான கூட்டரசு மன்றம் 2017இல் அனுப்பிய மசோதாவில், பொதிகளை வேறுபடுத்தி நடத்தும் நிறுவனம் அதை வெளிப்படையாகத் தெரிவிக்க வேண்டும் என்ற கடமை மட்டுமே இருந்தது. சொல்லிவிட்டுச் செய்தால் போதும் என்ற அந்த அணுகுமுறையை நாடாளுமன்றம் ஏற்காமல், சமத்துவத்தையே விதியாக்கிற்று. 2019 மார்ச் 22ஆம் தேதி நிறைவேறி 2021 ஜனவரி முதல் நாளில் அமலுக்கு வந்த திருத்தத்தின் '12இ' பிரிவு, அனுப்புபவர், பெறுபவர், உள்ளடக்கம், சேவை, சேவைவகை, நெறிமுறை, செயலி, நிரல், முனையக் கருவி ஆகிய எவற்றிடையேயும் தொழில்நுட்ப வகையிலோ பொருளாதார வகையிலோ வேறுபாடு பாராட்டாமல் தகவலைச் சேர்ப்பிக்க வேண்டும் என்று கட்டளையிடுகிறது. 'பொருளாதார வகையிலோ' என்ற அந்த ஒரு சொல்லில் பெரும் விவேகம் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். பொதியை நிறுத்துவது மட்டுமன்று, பக்கத்துப் பொதிக்குக் கட்டணத்தை விட்டுக்கொடுப்பதும் பாரபட்சமாகலாம் என்பதை அது ஒப்புக்கொள்கிறது. சட்டத்தின் ஆணையோ நீதிமன்றத் தீர்ப்போ இருந்தாலும், வலையமைப்பின் பாதுகாப்புக்கு அவசியமானாலும், வாடிக்கையாளரே வெளிப்படையாகக் கேட்டுக்கொண்டாலும், அபூர்வமாகவும் தற்காலிகமாகவும் நேரும் நெரிசலைச் சமாளிக்க வேண்டியிருந்தாலும் விலக்கு உண்டு. நெரிசலின்போதும் ஒரே வகையான பொதிகளை ஒரே மாதிரியாகவே நடத்தவேண்டும்.

இந்தச் சட்டம் நம்மவர்களுக்கு என்ன பொருள் தருகிறது என்பதையும் ஒரு வார்த்தை சொல்லத் தோன்றுகிறது. 1983க்குப் பிறகு உயிருக்கு அஞ்சி இலங்கையிலிருந்து வந்து, உணவுவிடுதிகளின் சமையற்கட்டுகளிலும் மருத்துவமனைகளிலும் முதியோர் இல்லங்களிலும் உழைத்துத் தலையெடுத்த தமிழர்கள் இன்று அந்நாட்டில் ஏறக்குறைய 50,000 பேர் இருக்கிறார்கள். தொலைபேசி அட்டையைச் சுரண்டி, எண்ணை அழுத்தி, நிமிஷத்தை எண்ணி எண்ணி ஊரிலுள்ள தாயிடம் பேசிய தலைமுறை அது. இணையவழிப் பேச்சு வந்த பிறகுதான் ஒரு பேரன் தன் பாட்டியின் முகத்தைப் பார்த்துச் சாவகாசமாகப் பேச முடிந்தது. பேச்சுப் பொதியோ மிகவும் மெல்லிய இயல்புடையது; திரைப்படப் பொதி நாலைந்து விநாடி தாமதித்து வந்தாலும் முன்பே சேமித்த பகுதி ஓடிக்கொண்டிருக்கும், பேச்சுப் பொதி அரை விநாடி தாமதித்தாலே உரையாடல் உடைந்துபோகும். ஆகவே இணையப் பேச்சைக் கெடுக்க நினைப்பவர் அதைத் தடுக்க வேண்டியதில்லை, சற்றே தாமதப்படுத்தினால் போதும். பணத்தால் தடுப்பது அதைவிட நேரான வழி. இந்தியாவில் ஏர்டெல் நிறுவனம் 2014 டிசம்பரில் இணையவழிப் பேச்சுக்குத் தனிக் கட்டணம் விதிக்கப்போவதாக அறிவித்து, எதிர்ப்பைக் கண்டு பின்வாங்கியதும், பத்து லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்துக்கு மின்னஞ்சல் எழுதியதும், அந்த ஆணையம் 2016 பிப்ரவரி 8ஆம் தேதி பாரபட்சமான தரவுக் கட்டணங்களைத் தடைசெய்ததும் வாசகர்கள் அறிந்தவையே.

விலக்குகளைப் பற்றிய விவாதம் சுவிட்சர்லாந்தில் எதிர்பாராத ஓரிடத்தில் சூடுபிடித்தது. சூதாட்டம் பற்றிய புதிய சட்டம், உள்நாட்டு உரிமம் பெறாத அயல்நாட்டு இணையச் சூதாட்டத் தளங்களை இணைய நிறுவனங்கள் மறிக்க வேண்டும் என்று விதித்தது. இளைஞர் அமைப்புகள் கையெழுத்துத் திரட்டி, விஷயத்தைப் பொதுவாக்கெடுப்புக்குக் கொண்டுபோயின. 2018 ஜூன் 10ஆம் தேதி, வாக்களித்தவர்களில் 72.9 சதவீதத்தினர் சட்டத்தை ஆதரித்தார்கள். ஒரு மக்கட்சமூகம் இணையப் பாதையின் ஒரு கதவை மூடலாம் என்று தானே வாக்களித்தது என்பது அற்பமான செய்தி அன்று. அந்த முடிவு எனக்கு உவப்பானதாக இல்லை. ஆனால், எந்தத் தளங்கள் மூடப்படுகின்றன என்ற பட்டியல் வெளிப்படையாக இருக்க, மூடும் அதிகாரம் மக்களின் வாக்கிலிருந்து பிறந்ததாக இருக்க, அதை ஒரு வியாபாரி தன் அறைக்குள் எடுத்த தீர்மானத்தோடு ஒப்பிடுவது முறையாகாது. நெரிசல் என்ற விலக்கைப் பற்றியும் ஓர் உதாரணம் உண்டு: 2020 மார்ச்சில் பெருந்தொற்று வந்து எல்லாரும் வீட்டுக்குள் அடைபட்டபோது, ஐரோப்பிய ஆணையர் தியரி பிரெத்தோனின் வேண்டுகோளுக்கு இணங்கி, நெட்ஃபிளிக்ஸ் ஐரோப்பாவில் முப்பது நாட்களுக்குத் தன் காட்சிப் பொதிகளின் அளவை ஏறக்குறைய 25 சதவீதம் குறைத்துக்கொண்டது. அங்கே குறைத்தவர் நடுவில் நின்றவர் அல்லர், அனுப்பியவரே. வான் ஜேக்கப்சன் கணினிகளுக்குக் கற்பித்த ஒழுக்கத்தை நிறுவனம் ஒன்று தானாகக் கடைப்பிடித்தது என்று கொள்ளலாம்.

இதுவரை சொன்னவை பாதையின் நடுவிலே நிகழ்பவை. சுவிட்சர்லாந்தின் நீண்ட வழக்கு பாதையின் நடுவில் எழவில்லை. இரண்டு பாதைகள் சந்திக்கும் வாயிலில் எழுந்தது. இந்த விஷயத்தில் நாம் கற்கவேண்டியதில் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது என்பது என் துணிபு.

வின்டர்தூர் நகரில் ஃபிரெடி கியூன்ஸ்லர் என்பவரின் தலைமையில் நடக்கும் இனிட்7 ஒரு சிறிய இணைய நிறுவனம். 2014இல் ஆண்டுக்கு 777 பிராங்குக்கு விநாடிக்கு ஒரு கிகாபிட் வேகத்தைக் கண்ணாடி இழையில் வழங்கத் தொடங்கி, 2021இல் அதே ஆண்டுச் சந்தாவுக்கு 25 கிகாபிட் வரை உயர்த்திய நிறுவனம் அது. எந்த இணைய நிறுவனமும் தனித்து இயங்க முடியாது. ஒருவரின் வாடிக்கையாளர் மற்றவரின் வாடிக்கையாளரோடு பேசவேண்டுமானால் இரண்டு வலைகளும் ஓரிடத்தில் இணைந்தே ஆகவேண்டும். இருவரும் தத்தம் செலவில் அந்த வாயிலுக்கு வந்து, ஒருவருக்கொருவர் கட்டணமின்றிப் பொதிகளைக் கைமாற்றிக்கொள்வது இணையத்தின் பழைய வழக்கம். ஊருக்குள் இரண்டு தெருக்கள் சந்திக்குமிடத்தில் எந்தத் தெருக்காரரும் மற்றத் தெருக்காரரிடம் சுங்கம் வாங்குவதில்லை என்பதைப்போன்ற ஏற்பாடு அது. சுவிஸ்காமின் நிபந்தனையோ வேறாக இருந்தது: வருகிற பொதிகளும் போகிற பொதிகளும் ஒரு குறிப்பிட்ட விகிதத்துக்குள் இருந்தால் இலவசம், எதிர்ப்பக்கத்திலிருந்து அதிகமாக வந்தால் அதிகம் அனுப்புகிறவர் பணம் கட்டவேண்டும்.

இந்த விகிதம் நியாயம்போலத் தோன்றுகிறது. ஆராய்ந்து பார்த்தால் தோற்றம் கலைந்துபோகிறது. சுவிஸ்காமின் வலைக்குள் வந்து குவியும் காட்சிப் பொதிகளை எவரும் வலிய அனுப்புவதில்லை. சுவிஸ்காமின் சந்தாதாரர் ஒருவர் தம் வீட்டில் பொத்தானை அழுத்திக் கேட்டதனால்தான் அவை வருகின்றன; அவற்றைக் கொண்டுவந்து சேர்ப்பதற்காகவே அவர் மாதந்தோறும் சுவிஸ்காமுக்குப் பணம் கட்டுகிறார். கேட்டவரிடமும் வாங்கி, கொடுத்தவரிடமும் வாங்குவது ஒரே சுமைக்கு இருமுனையிலும் கூலி வாங்குவதாகும். மேலும், சுவிஸ்காம் பாதைக்காரர் மட்டுமல்லர்; 2006 முதல் இணையவழித் தொலைக்காட்சியை விற்கின்ற வியாபாரியும்கூட. தன் சொந்தச் சரக்கு எந்த வாயிலையும் கடக்கவேண்டியதில்லை, போட்டியாளர் சரக்குக்கு வாயில் உண்டு என்றால், வாயிலின் அகலத்தைத் தீர்மானிப்பவர் நடுநிலையாளராக எப்படி இருக்க முடியும்?

வாயிலில் நிகழும் வேகக்குறைப்பின் சூட்சுமத்தைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். அங்கே எவரும் பொதியைப் பிரித்துப் பார்ப்பதில்லை, பொய்ப் பொதி அனுப்புவதில்லை, எந்தச் சேவையின் பெயரையும் பட்டியலில் எழுதுவதில்லை. பொதிகள் ஆண்டுக்கு ஆண்டு பெருகுகின்றன. வாயிலை அகலப்படுத்தாமல் இருந்தாலே போதும். காலையில் எல்லாம் சரியாக இருக்கும். இரவு எட்டு மணியிலிருந்து பத்து மணிவரை, ஊரெல்லாம் வேலை முடிந்து திரையின் முன் அமர்கின்ற நேரத்தில், வாயில் நிரம்பும், வரிசை நீளும், பொதிகள் கைவிடப்படும், அனுப்பும் கணினிகள் நல்லொழுக்கத்தோடு தாமே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். காட்சி மங்கும், பேச்சு அறுபடும். வீட்டிலிருப்பவர் தம் கருவியைக் குறை சொல்வார், அல்லது அயலிலிருந்து காட்சியை அனுப்பும் சிறிய நிறுவனத்தைக் குறை சொல்வார். வாயிலை நினைக்கமாட்டார், ஏனெனில் வாயில் அவர் கண்ணுக்குத் தெரியாது. ஒன்றைச் செய்ததனால் விளைந்த தீங்குக்குச் சாட்சி கிடைக்கும். செய்யாமல் விட்டதனால் விளைந்த தீங்குக்குச் சாட்சி எங்கே தேடுவது?

இனிட்7 நிறுவனம் 2013ஆம் ஆண்டில் கூட்டரசுத் தொலைத்தொடர்பு ஆணையத்திடம் முறையிட்டது. தொலைத்தொடர்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவின்படி, சந்தையில் ஆதிக்கம் செலுத்தும் நிறுவனம் மட்டுமே செலவையொட்டிய விலையில் மற்றவர்களுக்கு இணைப்புக் கொடுக்கக் கடமைப்பட்டது. ஆகவே வழக்கு முழுவதும் சுவிஸ்காமுக்கு ஆதிக்கம் உண்டா இல்லையா என்ற அச்சில் சுழன்றது. சுவிஸ்காமின் வலையை நேராக அடைய முடியாதவர் மூன்றாம் நிறுவனம் ஒன்றின் வழியாகச் சுற்றிப் போகலாமே என்பது ஒரு வாதம். சுவிஸ்காமுக்கும் ஜெர்மனியின் டாய்ச்சே டெலிகாமுக்கும் இருந்த உடன்பாட்டினால் அந்தச் சுற்றுவழியும் சுங்கவழியாகவே இருந்தது என்பது மறுவாதம். போட்டி ஆணையம் ஆதிக்கம் இருந்ததாகவே கருதியது. தொலைத்தொடர்பு ஆணையமோ 2018இல் இனிட்7 நிறுவனத்துக்கு எதிராக முடிவு செய்தது. சங்க்ட் காலன் நகரிலுள்ள கூட்டரசு நிர்வாக நீதிமன்றம் 2020 ஏப்ரலில் அந்த முடிவை ரத்துசெய்து, விவகாரத்தைத் திருப்பி அனுப்பியது. மறுவிசாரணை மேலும் நான்கு ஆண்டுகளுக்கு மேல் நீண்டு, 2024 டிசம்பரில் ஆணையம் தன் முடிவை வெளியிட்டது: அந்த வாயிலில் பொதிகளைக் கைமாற்றுவதற்குரிய விலை பூஜ்யம்.

முறையீட்டுக்கும் முடிவுக்கும் இடையே பதினோரு ஆண்டுகள். அந்தக் காலத்தில், அடிப்படைச் சேவையில் கேட்டுப்பெறக்கூடிய வேகம் விநாடிக்கு ஒரு மெகாபிட் என்ற நிலையிலிருந்து எண்பது மெகாபிட் என்ற நிலைக்கு வளர்ந்துவிட்டது. கிளாட்லியின் பிரேரணை மடிந்து, சட்டமாக மறுபிறவி எடுத்துவிட்டது. கியூன்ஸ்லரைப்போலப் பிடிவாதமும், வழக்கைத் தாங்கும் வேறு வருமானமும் இல்லாத ஒரு சிறிய நிறுவனம் இரண்டாம் ஆண்டிலேயே கட்டணத்தைக் கட்டிவிட்டுப் பேசாமல் இருந்திருக்கும். அப்படிப் பேசாமல் இருந்தவர்களின் சரித்திரத்தை எந்த ஆணையமும் எழுதிவைப்பதில்லை.

கண்ணாடி இழையைப் பற்றிய வழக்கு ஒன்றும் இதே காலத்தில் நடந்தது என்பதை மட்டும் குறிப்பிட்டு நகர்கிறேன். ஒவ்வொரு வீட்டுக்கும் தொலைபேசி நிலையத்திலிருந்து தனி இழை ஓடுமாறு கட்டிவந்த சுவிஸ்காம், 2020இல் பல வீடுகளுக்கு ஒரே இழையைக் கிளைபிரிக்கும் முறைக்கு மாறியது; தனி இழை இல்லையேல் போட்டியாளர் தன் சொந்தக் கருவியைப் பொருத்தித் தன் சொந்த வேகத்தைக் கொடுக்க முடியாது என்று இனிட்7 முறையிட, போட்டி ஆணையம் அந்த ஆண்டு டிசம்பரிலேயே தடை விதித்தது. மேல்முறையீடுகள் தோற்று, 2024 ஏப்ரலில் 18 மில்லியன் பிராங்கு அபராதமும் விதிக்கப்பட்டது. பூமிக்குள் இழையைப் புதைக்கும்போது அதை எந்த உருவத்தில் புதைக்கிறோம் என்பதும், அடுத்த முப்பது ஆண்டுகளுக்கு எவர் வேகமாகப் போகலாம் என்பதை முன்கூட்டியே விதிக்கிறது.

பெர்ன் நகரின் கிளைன ஷான்ஸெ பூங்காவில், பூமியுருண்டையைச் சுற்றி ஐந்து கண்டங்களைக் குறிக்கும் ஐந்து பெண்கள் கடிதங்களைக் கைமாற்றிக்கொண்டு மிதப்பதைப்போன்ற சிற்பம் ஒன்று 1909 முதல் நிற்கிறது. 1874 அக்டோபர் 9ஆம் தேதி அந்நகரில் கையெழுத்தான உடன்படிக்கையின் நினைவுச்சின்னம் அது. உடன்பட்ட நாடுகள் யாவும் கடிதங்களைப் பொறுத்தவரை ஒரே நிலப்பரப்பு என்றும், ஒரு நாட்டின் வழியாக மற்றொரு நாட்டுக்குப் போகும் அஞ்சலுக்குத் தடையற்ற வழி உண்டு என்றும் அங்கே ஏற்றுக்கொண்டார்கள். அதற்கு முன்பு எல்லைக்கு எல்லை வெவ்வேறு கட்டணமும் வெவ்வேறு கணக்கும் இருந்தன. அந்த உடன்படிக்கையை எழுதியவர்கள், வழியில் போகும் கடிதத்தைப் பிரிக்கக்கூடாது என்பதோடு நில்லாமல், இரண்டு அஞ்சல் துறைகள் எந்த நிபந்தனையில் மூட்டையைக் கைமாற்ற வேண்டும் என்பதையும் எழுதிவைத்தார்கள். கைமாறும் இடத்தை விதியின்றி விட்டுவிட்டால் வழியின் சுதந்திரம் பெயரளவுக்கே நிற்கும் என்பதை அனுபவத்தால் அறிந்திருந்தார்கள்.

'12இ' பிரிவு இதில் முதல் பாதியைச் செவ்வையாகச் செய்திருக்கிறது. இரண்டாம் பாதி இன்னும் 11ஆம் பிரிவிடமே இருக்கிறது: இரு நிறுவனங்களும் மூன்று மாதம் பேசிப் பார்க்கவேண்டும், உடன்பாடு இல்லையேல் சிறியவர் ஆணையத்திடம் போகவேண்டும், போனபின் பெரியவரின் ஆதிக்கம் நிரூபணமாக வேண்டும், ஆதிக்கம் உண்டா என்று போட்டி ஆணையத்தின் கருத்தைக் கேட்கவேண்டும். வாயில் எந்த அளவு நிரம்பியிருக்கிறது என்பதை இரு பக்கத்து நிறுவனங்களும் மாதந்தோறும் அளந்து வெளியிட வேண்டும் என்ற ஒரு கடமையை நாடாளுமன்றம் சேர்த்திருந்தால், ஆதிக்கத்தைப் பற்றிய தர்க்கம் பதினோரு ஆண்டுகள் ஓடும்போதே, எந்த மாலையில் எந்த வாயிலில் எத்தனை பொதிகள் கைவிடப்பட்டன என்பது சந்தா கட்டும் ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்கும். நிரம்பலை அறிந்துகொள்வதற்குப் புதிய யந்திரம் எதுவும் வேண்டியதில்லை. அந்த எண்ணிக்கையை ரவுட்டர்கள் ஏற்கெனவே, இரவும் பகலும், தம்முள் குறித்துக்கொண்டுதான் இருக்கின்றன.